நாலு மணிக்கே தீர்ந்துவிடும் பன்

"தீந்துபோச்சு" என்று சொல்லும்போது அவள் வாசலைப் பார்க்கவில்லை.

கண்ணாடிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

பின்னால், அடுப்பறையில், அப்போதுதான் சுட்டு இறக்கிய பன் இரண்டு தட்டு நிறைய இருந்தது. வெள்ளைத் துணி போட்டு மூடியிருந்தது.

கருப்பட்டியும் தேங்காயும் கொஞ்சம் சுக்கும் உள்ளே வைத்த பன். அவளே யோசித்துப் போட்டது. தூத்துக்குடியில் வேறு எந்த பேக்கரியிலும் கிடையாது.

இல்லையென்று சொல்லும் யோசனை மட்டும் கொழுந்தனுடையது. பெலிக்ஸ் சென்னையில் விளம்பரக் கம்பெனியில் இருக்கிறான்.

"கெடைக்கிற பொருளப் பத்தி யாரு பேசுவா மதினி? நாலு மணிக்கு இல்லைன்னு சொல்லிருங்க. ஊரே பேசும்."

ஊரே பேசியது. காலையில் கடை திறக்குமுன்பே ஆட்கள் வந்து நின்றார்கள். அவள் கணவன் சேவியர் வாசலில் 'நாலு மணிக்கே தீர்ந்துவிடும்' என்று பலகை மாட்டினான். மறைத்து வைத்த பன்னை மறுநாள் சூடுகாட்டி விற்றார்கள்.

மற்றவர்களிடம் அப்படிச் சொல்ல அவளுக்கு நாக்கு பழகிவிட்டது. ஆனால் இன்று வந்து நின்றவன் இசக்கிமுத்து.

எதிர் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். இந்தப் பன்னை யாரும் திரும்பிப் பார்க்காத நாட்களில், அவள் சும்மா கூப்பிட்டு ஒன்று கொடுத்தாள். நின்றபடியே தின்றான். கையைத் துடைத்துக்கொண்டு போனான். அடுத்த சவாரியில் ஆட்டோவையே கடை முன்னால் நிறுத்தி, ஏறியிருந்த அத்தனை பேரையும் இறக்கிவிட்டான்.

பெலிக்ஸின் யோசனைக்கு முன்னால் இந்தப் பன்னைப் பற்றி ஊரில் பேசியது அவன் ஒருவன்தான்.

"தீந்துட்டாக்கா?"

அவன் முகம் மலர்ந்தது. அதை அவள் எதிர்பார்க்கவில்லை.

ஆட்டோவில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தாள். மடியில் பை. ஸ்டேஷனிலிருந்து வருகிறவள் போல.

அவன் அங்கிருந்தே சத்தம் கொடுத்தான். "பாத்தியளாம்மா? வழியெல்லாம் சொன்னேன்லா? நாலு மணிக்கு மேல இந்தக் கடையில தட்டே காலியா கெடக்கும்!"

சொந்தக் கடையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னான்.

துணியைப் பிடித்திருந்த அவள் கை நின்றுவிட்டது.

ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டது.

அவள் உள்ளே ஓடினாள். துணியை விலக்கி, கைக்கு வந்த நாலைக் காகிதத்தில் சுற்றினாள். கல்லாவில் இருந்த சேவியர் எழுந்தான். "ரோஸ்லின்!"

செருப்பில்லாமல் ரோட்டில் இறங்கி, ஆட்டோவின் கம்பியைப் பிடித்தாள்.

"இசக்கி. இந்தா."

அவன் வாங்கினான். காகிதம் சுட்டது. பொட்டலத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான்.

பிறகு அவளைப் பார்த்தான்.

பிறகு கடைப் பலகையைப் பார்த்தான்.

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவன் பின்னால் திரும்பிப் பொட்டலத்தை அந்த அம்மாவிடம் நீட்டினான்.

"எனக்குன்னு தனியா எடுத்து வச்சிருக்காக. சாப்பிடுங்கம்மா."

குரல் அதே குரல்தான். அவள் பக்கம் மட்டும் திரும்பவில்லை. அப்படியே ஓட்டிக்கொண்டு போனான்.

அவள் ரோட்டைக் கடந்து வந்தாள். பலகையைக் கழற்றி உள்ளே சுவரில் சாய்த்தாள். இரண்டு தட்டையும் தூக்கி வந்து கண்ணாடிப் பெட்டியில் அடுக்கினாள்.

"என்ன செய்யுற நீ? நாளைக்கு ஒருத்தனும் வரமாட்டான்" என்றான் சேவியர்.

அவள் அடுக்கிக்கொண்டே இருந்தாள். அவனும் வந்து தடுக்கவில்லை.

ரோட்டில் போனவர்கள் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போனார்கள். இரண்டு கல்லூரிப் பெண்கள் நின்று, தங்களுக்குள் ஏதோ பேசி, நகர்ந்தார்கள்.

வெகுநேரம் கழித்து, துறைமுகத்தில் வேலை முடிந்து வந்த ஒருவர் சைக்கிளை நிறுத்தினார். பெட்டியை எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, இந்நேரத்துல இம்புட்டு இருக்கு. இன்னைக்கு ஓடலையோ?"

சேவியர் தலையைக் குனிந்துகொண்டான்.

"இல்லண்ணே" என்றாள் அவள், அவர் முகத்தைப் பார்த்து. "நெறைய போட்டுருக்கோம்."