பாஷா பேசிக்கொண்டே வந்தான்

“கல்லு கீது அண்ணாச்சி, பெரிய கல்லு! எவன் நைனா இத்தக் கொண்ணாந்து நடுவழில போட்டது?”

முன்னால் நடந்த மெஹபூப் பாஷா ஊருக்கே கேட்கும்படி கத்தினான். பின்னால் வந்த நல்லசிவம் காலை நன்றாகத் தூக்கி வைத்துக் கல்லைத் தாண்டினார்.

எழுபத்து மூன்றாம் வருடத்துக் காணும் பொங்கல். தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றின் ஆட்கள் பத்தொன்பது பேர், கடற்கரைக் கூட்டத்துக்குப் பயந்து, சைதாப்பேட்டைப் பாலத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கி அடையாற்றங்கரையோடு மேற்கே நடந்துகொண்டிருந்தார்கள். மணப்பாக்கத்தில் ஒரு மாந்தோப்பு வரை நடை. அங்கே கட்டுச்சோறு.

எல்லாம் முதலாளி பொன்ராஜின் ஏற்பாடு. அவரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் ஆளாகப் போனார். வழக்கம்போல வாய் திறக்கவில்லை. கடையிலும் அவர் ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம்.

அவருக்கும் சேர்த்துப் பாஷா பேசினான். கடை வாசலில் ரவிக்கை தைப்பவன் அவன். வண்ணாந்துறையில் காய்ந்த சேலைகளுக்கு ஒவ்வொன்றாக நிறம் சொன்னான். ஜாபர்கான்பேட்டை தாண்டியதும் முள், சாணி, எருமை, பள்ளம், மறுபடி எருமை. மேய்ச்சல் வெளியில் ஆடு மேய்த்த பெண்ணின் தாவணிக்கும் நிறம் சொல்லி, அவளிடம் வயிறு நிறைய வாங்கிக் கட்டிக்கொண்டான்.

நல்லசிவத்துக்குக் காது புளித்தது. ஆனாலும் மனசுக்குள் அவனை வாழ்த்திக்கொண்டே வந்தார்.

அவருக்குக் கண் போய்க்கொண்டிருந்தது.

நரம்பு வாடிவிட்டது, செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் கையை விரித்து இரண்டு வருடம் ஆகிறது. இப்போது வெளிச்சம் தெரியும், நிழல் தெரியும், பாஷாவின் வெள்ளை ஜிப்பா தெரியும். அவ்வளவுதான்.

மனைவி தங்கபுஷ்பத்தைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது. ரவிக்கைத் துணி விற்கிறவனுக்கு நிறம் தெரியவில்லை என்றால் எந்த முதலாளி வைத்துக்கொள்வார்? கல்யாணத்துக்கு நிற்கும் இரண்டு பெண்களோடு, ஐம்பத்திரண்டு வயதில், இனி எந்தக் கடையின் படி ஏறுவது?

போன வருட நடைக்குக் காய்ச்சல் என்று சொல்லித் தப்பித்தார். இந்த வருடமும் காய்ச்சல் வந்தால் யாரும் நம்பமாட்டார்கள்.

கடையில் எப்படியோ வண்டி ஓடிக்கொண்டிருந்தது. அவர் பகுதியில் மூன்று அலமாரிகள். எந்தத் தட்டில் எந்த நிறம் என்பது கைக்குப் பாடம். சேலையோடு வந்து பெண்கள் நின்றால், பாஷா மெஷினை மிதித்தபடியே, “இன்னா கிளிப்பச்சைம்மா இது!” என்று வியப்பான். நல்லசிவம் கிளிப்பச்சைத் தட்டுக்குக் கையை நீட்டுவார். ஓட்டைவாய்க்காரன் ஒருவன் பக்கத்தில் வாய்த்தது அதிர்ஷ்டம்.

அதைவிடப் பெரிய அதிர்ஷ்டம் ஒன்று உண்டு. தீபாவளிக்குத் தீபாவளி கடையையே புரட்டிப் போட்டு அடுக்குவார்கள். இரண்டு தீபாவளியாக அவருடைய அலமாரிகளை மட்டும் யாரும் தொடவில்லை. திருச்செந்தூரான் கண் திறந்து பார்த்தான் என்று தினமும் கும்பிட்டுக்கொண்டார்.

நந்தம்பாக்கம் தாண்டுவதற்குள் பாஷாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. கரகரத்தான், இருமினான், கடைசியில் வெறும் காற்றுதான் வந்தது.

கொஞ்ச தூரத்தில், ஆற்றில் போய் விழும் ஓடை ஒன்று குறுக்கிட்டது. ஒவ்வொருவராகக் கடந்தார்கள். பாஷாவின் வெள்ளை ஜிப்பாவும் போனது. தண்ணீரில் தெறித்த வெயிலில் அது கரைந்து, நல்லசிவத்துக்கு எல்லாம் ஒரே வெளிச்சமானது.

அவர் நின்றார்.

காலால் துழாவினார். உருண்டையாக எதுவோ தட்டுப்பட்டது. அதற்கு இந்தப் பக்கமும் ஒன்றுமில்லை, அந்தப் பக்கமும் ஒன்றுமில்லை. கீழே தண்ணீர் ஓடும் சத்தம்.

அக்கரையில் பேச்சு அடங்கிவிட்டது. பதினெட்டுப் பேரும் தன்னைத்தான் பார்க்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளக் கண் தேவைப்படவில்லை. இன்றோடு தீர்ந்தது என்று நினைத்தார். பெரியவளின் முகம் நினைவுக்கு வந்தது. 

“பனந்தடி கெடக்கு, நல்லசிவம்.”

முதலாளியின் குரல்.

“நீளம் நாலு கஜம். அகலம், மடிச்ச துண்டு அளவு இருக்கும். நேரா வாங்க.”

நல்லசிவம் காலை வைத்தார். ஒரு கஜம், ரெண்டு கஜம் என்று எதிரிலிருந்து குரல் அளந்துகொண்டே இருந்தது. நாலாவது கஜத்தில் ஒரு கை அவர் கையைப் பிடித்துக் கரையேற்றியது. அதில் ஊசி குத்திக் குத்திக் காய்த்த விரல்கள். பாஷா.

ஒன்றும் நடக்காததுபோல எல்லோரும் நடையைத் தொடர்ந்தார்கள். முதலாளி மட்டும் இந்த முறை முன்னால் போகவில்லை. நல்லசிவத்தின் பக்கத்திலேயே நடந்தார். பேசிப் பழக்கமில்லாத மனிதர், ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்தார்.

“இங்க ஒரு எருமை நிக்கி.”

கொஞ்சம் நடந்தார்கள்.

“வலப்பக்கம் வயலு. நாத்து நட்டிருக்காவ.”

மறுபடி நிறுத்தினார். என்ன பச்சை என்று எப்படிச் சொல்வது எனத் தெரியாமல் திணறுவது நல்லசிவத்துக்கும் புரிந்தது. முதலாளி கனைத்துக்கொண்டார்.

“நம்ம மூணாவது அலமாரில, மேல இருந்து ரெண்டாவது தட்டு.”

நல்லசிவத்துக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. இரண்டு வருடமாகத் தினமும் சொன்ன நன்றியெல்லாம் விலாசம் தப்பித் திருச்செந்தூருக்குப் போயிருக்கிறது.

வலப்பக்கம் திரும்பி, அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டே நடந்தார்.