வெள்ளிக்கிழமைச் சைவம்

கூடிச் சாப்பிடுகிற நாளை வெள்ளிக்கிழமை என்று வைத்தவளும் பிரஷாந்திதான். வெள்ளியில் நான் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் தொடமாட்டேன் என்று சொன்னவளும் அவள்தான். இது என்ன நியாயம், நீங்களே சொல்லுங்கள்.

வந்தாறுமூலைக் கம்பஸில் அவர்களுக்கு அது முதல் வருசம். கூட்டாளிகள் எல்லோருமாக ஒரு சனிக்கிழமை ஏறாவூருக்குப் போய்க் கோழிக் கொத்துரொட்டி சாப்பிட்டார்கள். பிரஷாந்தியும்தான் சாப்பிட்டாள். கிழமைக்கு ஒருநாள் இப்படிக் கூடுவோம் என்று அன்றைக்கே பேசிக்கொண்டார்கள்.

அடுத்த கிழமை அவள் சட்டம் போட்டாள். சனி வேண்டாம், வெள்ளி வைப்போம். எல்லோரும் தலையாட்டிய பிறகுதான் மெல்ல அவிழ்த்தாள்: வெள்ளியில் அவளுக்குச் சைவம், கோழி கொத்தின கல்லில் மரக்கறி கொத்தினாலும் ஆகாது. சைவம் என்று ஒரு பிள்ளை சொன்ன பிறகு ஏன் எதற்கு என்று யார் கேட்பது?

ஆக, செங்கலடியில் ஒரு சைவக்கடை. தோசையும் சம்பலும், மிஞ்சினால் ஒரு வடை. பிறகு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு கல்லடிப் பாலம். நாலு வருசமும் இதே கதைதான்.

அதிகம் கத்தியவன் ஸியாம். ஓட்டமாவடிக்காரன்.

"எங்கட ஜும்ஆ நாள்ல உங்கட சைவமா? உன்னால எனக்குக் கோழிட முகமே மறந்து போயிட்டு புள்ள!"

கிழமை தவறாமல் இந்தச் சண்டை. பிரஷாந்தி காதில் விழாத மாதிரி இன்னும் கொஞ்சம் சம்பல் கேட்பாள். நடுவில் நின்று சமாதானம் பேசுவது இன்னொரு கூட்டாளி நிதுர்ஷனின் வேலை.

வாயால் கத்திக்கொண்டே ஸியாம் மனதுக்குள் துஆ கேட்பான். யா அல்லாஹ், இந்தப் பிள்ளை மனம் மாறிவிடக் கூடாது.

வாப்பா சவூதியிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய வருசம் அது. படிக்கிற பிள்ளைகளுக்கு அரசாங்கம் கொடுக்கிற மஹாபொல காசு வந்த கையோடு வீட்டுக்குப் போய்விடும். தோசை என்றால் எப்படியோ சமாளிக்கலாம். கிழமைக்கிழமை கொத்துக்கடை என்றால் ஏதாவது சாட்டுச் சொல்லிக் கூட்டத்திலிருந்தே கழன்றுவிட வேண்டியதுதான். அவனுடைய சாப்பாட்டுக்கு இன்னொருத்தன் காசு கொடுப்பதைப் பார்த்துக்கொண்டு இருக்க அவனால் ஏலாது. அதனால்தான் அந்தக் கத்தல். கோழிக்காக இப்படிச் சண்டை பிடிக்கிறவனிடம் காசில்லை என்று எவன் நினைப்பான்?

ஆனாலும் அவை நல்ல வெள்ளிகள். அந்தப் பாலத்தடி வாவியில் மீன் பாடும் என்பது ஊர்ப்பேச்சு. பாலத்தில் வரிசையாக நின்றுகொண்டு, வாவிக்குள் மீன் பாடுது கேளுங்கடா என்பான் நிதுர்ஷன். அது உன்ட வயிறுடா, தோசை செமிச்சிட்டு என்பான் ஸியாம். சிரித்துச் சிரித்து பஸ்ஸை விட்டுவிடுவார்கள். அன்றைக்கு ஒரு சுருள் கடலையை எல்லோருமாகப் பறித்துத் தின்ற ருசி பிறகு கட்டாரில் எந்த ஹோட்டலிலும் ஸியாமுக்குக் கிடைக்கவில்லை.

கட்டாரில் இப்போது அவனுக்கு நல்ல வேலை. லீவில் வந்தவனைப் பகல் சாப்பாட்டுக்கு வரத்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள் பிரஷாந்தி. டீச்சராகப் படிப்பித்துக்கொண்டு நாவற்குடாவில் தாய் தகப்பனோடு இருக்கிறாள். அவனுக்குத் தோதாகக் கிடைத்த நாளும் ஒரு வெள்ளிதான். ஜும்ஆ முடிந்த கையோடு மனைவி ஸாதியாவை ஏற்றிக்கொண்டு புறப்பட்டான்.

ஸாதியா வெள்ளண எழும்பி வட்டிலாப்பம் அவித்து எடுத்து வந்திருந்தாள். கல்லடிப் பாலத்தைக் கண்டதும்தான் ஸியாமுக்குப் பழைய சட்டம் நினைவுக்கு வந்தது. வட்டிலாப்பத்தில் முட்டை இருக்கிறதே! வெள்ளியில் பிரஷாந்தி அதைக் கண்ணாலும் பார்க்கமாட்டாள் என்று சொல்லி, ஒரு சீப்பு வாழைப்பழமும் முட்டை சேராத இனிப்பென்று கொஞ்சம் தொதலும் வாங்கினான். வட்டிலாப்பம் காருக்குள்ளேயே இருக்கட்டும் என்றான். ஸாதியாவின் முகம் சுருங்கிப்போனது. பிரஷாந்தியின் பிடிவாதத்தைப் பற்றி அவளுக்குச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறான். தன் காசுக் கஷ்டத்தை அவளிடமும் சொன்னதில்லை.

வாசலிலேயே மணத்தது. இறால் கறி.

மேசையைப் பார்த்தால் பொரித்த மீன் வேறு. ஸியாமுக்குச் சங்கடமாகப் போய்விட்டது. எங்களுக்காக வெள்ளியில் மச்சம் சமைத்திருக்க வேண்டாமே என்று பிரஷாந்தியின் தாய் கண்ணகையிடம் சொன்னான்.

"எங்களுக்கென்ன மகன் வெள்ளி?" கண்ணகை சிரித்தாள். "இவள்ட அப்பா வாவியில வலை வீசிற மனிசன். மீன் இல்லாத நாளே இந்த வீட்டில இல்ல. சின்னதில இருந்தே இவளுக்கு மீன் இல்லாட்டிச் சோறு இறங்காது."

ஸாதியாவுக்கு அதைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. அப்படியென்றால் வட்டிலாப்பமும் சாப்பிடுவார்கள்தானே என்று கார்ச் சாவியை வாங்கிக்கொண்டு ஓடினாள். கண்ணகை சோறு எடுக்கக் குசினிக்குப் போனாள்.

ஸியாம் பிரஷாந்தியையே பார்த்தான்.

அவள் குரலைத் தணித்தாள். "முதல் நாள் கொத்துத் திண்டிட்டு, மறுகா அந்தக் கிழமை முழுக்க நீ கன்டீன்ல வெறும் பிளேன்டீயோட இருந்தாய். நான் கண்டனான். காசில்லை எண்டா எல்லாரும் உன்னப் பாப்பாங்க. சைவம் எண்டா ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டாங்கடா."

மீன் இல்லாமல் சோறு இறங்காதவள், அவனுடைய ஏச்சையெல்லாம் வாங்கிக்கொண்டு நாலு வருசம் தோசை தின்றிருக்கிறாள்.

வட்டிலாப்பத்தோடு ஸாதியா உள்ளே வந்தாள். கலங்கிப்போயிருந்த ஸியாமைப் பார்த்துவிட்டு, என்ன நடந்தது என்று கேட்டாள்.

பிரஷாந்தி இறாலை அள்ளி அவனுடைய தட்டில் போட்டாள்.

"ஒண்டுமில்ல ஸாதியா. உங்கட மாப்பிள்ள கம்பஸ்ல கோழிக் கொத்து இல்லாட்டி இருக்கவே மாட்டார். என்னாலதான் பாவம், நாலு வருசமும் தோசை திண்டவர்."