கேள்வி கேட்காத ஆந்தை

"இவன்தான் ஆம்பளை, விபெக்கெ! வாயத் தொறந்து ஒரு கேள்வி கேக்கல. காச மட்டும் ஏத்துறான் பாரு!"

அஸ்கெர் மடிக்கணினித் திரையைத் தட்டிக் காட்டினான். அவனுடைய விறகடுப்பு இணையதளத்துக்கு, 'ஆந்தை' என்ற பெயரில் ஏலம் கேட்டுக்கொண்டிருந்த புண்ணியவான் மறுபடியும் விலையை ஏற்றியிருந்தான்.

எதிரே அவன் மனைவி விபெக்கெ ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள். பின்னல் மாதிரியைப் பார்த்துக்கொள்ள மடியில் செல்போன். மேசையின் நடுவில் ஒரு வாளி. நாணல் கூரை ஒழுகி அதில் சொட்டிக்கொண்டிருந்தது.

தளத்தை விற்றால்தான் புதுக் கூரை. முன்பணம் கைக்கு வராமல் ஏணியைச் சாத்தமாட்டேன் என்று கூரைக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். வெளியே அக்டோபர் மழை. ஏலம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான்.

பத்து வருஷம் உட்கார்ந்து எழுதிய தளம் அது. எந்த விறகு எத்தனை மாதம் காய வேண்டும், புகைபோக்கி ஏன் வீட்டுக்குள்ளேயே புகைகிறது என்று பாதி டென்மார்க் அதில்தான் வந்து படித்தது. அப்படிப்பட்டதை வாங்க வந்த கூட்டத்தை நினைத்தாலே அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒருவன் அடிமாட்டு விலைக்குக் கேட்டான். ஒருத்தி, தளத்தோடு இரண்டு வண்டி விறகும் வருமா என்றாள். இன்னொருவன், மூன்று மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிடித்திருந்தால் பணம் தருகிறேன் என்றான். 'கல்யாணத்தையும் இப்படித்தான் பண்ணினீங்களா?' என்று அவனுக்குப் பதில் போட்டான் அஸ்கெர்.

இவர்கள் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டவர் யால்மர். ஓடென்ஸ் நகரில் அடுப்புக் கடை வைத்திருந்தவர். தினமும் ஒரு கேள்வி. எத்தனை பேர் வந்து படிக்கிறார்கள்? கோடையில் எத்தனை பேர்? படமெல்லாம் சொந்தமா, சுட்டதா?

"முட்டையில மயிரு புடுங்குற ஜென்மம்" என்றான் அஸ்கெர்.

"கேட்டா பதில் சொல்லிட்டுப் போயேன். அவரும் விடாம ஏத்திக்கிட்டுத்தானே இருக்காரு?" என்றாள் விபெக்கெ, பின்னலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"கேள்வி கேக்குறவன் வாங்கமாட்டான். வாங்குறவன் கேள்வி கேக்கமாட்டான். ஆந்தையப் பாத்துக் கத்துக்கச் சொல்லு அந்த ஆள!"

மடிக்கணினி சிணுங்கியது. யால்மர் எழுபதாயிரம் குரோனருக்கு ஏற்றியிருந்தார். கூரைக்கு இன்னும் கொஞ்சம் குறைந்தது.

"கஞ்சப்பய! முடிச்ச எப்படி அவுக்குறான் பாரு, கொஞ்சம் கொஞ்சமா!"

விபெக்கெயின் ஊசிச் சத்தம் நின்றது. வாளியில் சொட்டுவது மட்டும் கேட்டது. மறுபடியும் சிணுங்கல்: ஆந்தை, எண்பதாயிரம்.

"அப்படிப் போடு!" அஸ்கெர் மேசையில் குத்தியதில் வாளித் தண்ணீர் தளும்பி விழுந்தது. ஊசிகள் திரும்ப ஓடத் தொடங்கின.

உடனே யால்மரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அஸ்கெர் உரக்கப் படித்தான்.

"'இன்னும் ஏத்த எனக்குச் சம்மதம்தான். ஒரே ஒரு கேள்வி, தப்பா எடுத்துக்காதீங்க. ஒண்ணுமே விசாரிக்காம ஏத்திக்கிட்டே போறாரே, இந்த ஆந்தை யாரு? உங்க ஆளா?'"

அவன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. கடையில் மீதிச் சில்லறையை ஒரு குரோனர் கூடுதலாகக் கொடுத்துவிட்டால், மழையில் நனைந்துகொண்டு போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறவன் அவன்.

"பொய் ஆள வெச்சு வெல ஏத்துறவன்னு நெனச்சானா என்னய? அடுப்புக்கடையில சாம்பல் அள்ளுறவனுக்கு இவ்வளவு திமிரா? இப்பவே வெளிய தள்ளுறேன்!"

விபெக்கெ துள்ளி எழுந்ததில் நூல்கண்டு தரையில் உருண்டு ஓடியது. "வேணாம் அஸ்கெர்! அவர வெரட்டாத. யாருன்னு தெரியாதுன்னு ஒரு வரி எழுதிடு, போதும்!"

"மானம் போனப்புறம் கூரை எதுக்கு?" என்று சொல்லிக்கொண்டே அவன் பொத்தானை அழுத்தினான். யால்மர் தடை செய்யப்பட்டார். ஒரு முறை தடுத்தால் தடுத்ததுதான், அந்த ஏலத்தின் விதி அப்படி.

மற்ற பிச்சைக்காரக் கூட்டம் எப்போதோ கழன்றிருந்தது. ஏற்ற ஆளில்லாமல் நேரம் தீர்ந்தது. திரையில் எழுத்து மின்னியது: ஆந்தைக்கு விற்கப்பட்டது.

அஸ்கெர் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஒரு குதி குதித்தான். "பாத்தியா? நல்ல மனுஷனுக்கு நல்ல மனுஷன் வருவான். நாளைக்குக் காலையில மொத வேலையா கூரைக்காரருக்குப் போன் போடு!"

விபெக்கெ நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

"யால்மர் இன்னும் ஒரே ஒரு தடவ ஏத்துவாருன்னுதான் நெனச்சேன்" என்றாள்.

"அந்த நோண்டி கெடக்கான், விடு. நம்ம ஆந்தை எப்பப் பணம் அனுப்புவான்னு கேப்போம்." இரண்டு விரலால் தட்டி, செய்தியை அனுப்பினான்.

விபெக்கெயின் கையிலிருந்த செல்போன் சிணுங்கியது.

"நம்ம கணக்குல என்ன இருக்கோ, அதுதான் அஸ்கெர், ஆந்தைகிட்டயும் இருக்கு."