அறை முந்நூற்றேழில் பால் காய்ச்சினார்கள்

சீனிச்சாமிக்குத் தையல் பிரித்து ஆறு நாளாகிவிட்டது. பாக்கியைக் கட்டாததால் அந்தத் தனியார் மருத்துவமனை அவரை வெளியே விடவில்லை. விடாத நாட்களுக்கும் அறை வாடகையைப் பில்லில் ஏற்றிக்கொண்டே போனது. ஏழாம் நாள் காலையில் அவர் மனைவி பேச்சியம்மாள் அறை வாசலில் மாவிலை கட்டினாள். ஒரு பாத்திரத்துக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, கஞ்சி வைக்கக் கொண்டுவந்திருந்த கரண்ட் அடுப்பில் ஏற்றிப் பாலை ஊற்றினாள். மேலாளர் ஓடி வந்தார்.

“என்னம்மா பண்றீங்க? இது ஆஸ்பத்திரி!”

“வாடகை வாங்குறீகள்ல? குடி வந்த வீட்டுல பால் காய்ச்ச வேணாமா?”

“காசில்லாதவங்க பெரியாஸ்பத்திரிக்குப் போயிருக்கணும்.”

“போனோம். அங்க படுக்க எடமில்ல. இங்க எந்திரிக்க வழியில்ல.”

பால் பொங்கி வழிந்தது. பேச்சியம்மாள் நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டாள். அந்தச் சத்தத்தில் வராந்தாக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. முதல் தம்ளரை அவள் மேலாளரிடம் நீட்டினாள்.

“வீட்டுக்காரரு மொதல்ல குடிங்க.”

அவர் கையை நீட்டவில்லை. எதிர் அறையிலிருந்து ஒரு பெண் பால் பாக்கெட்டோடு வந்து நின்றாள்.

“அக்கா, அந்த அடுப்பக் கொஞ்சம் குடுங்க. நாங்க குடி வந்து பதினோரு நாளாச்சு.”