பன்னிரண்டாம் நாள் சாப்பாடு

அவள் கதவைத் திறந்தபோது அப்பா கேரியரோடு நின்றார்.

நாலடுக்குக் கேரியர். துண்டால் சுற்றி, பிடியில் இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தார். அதையும் மீறி வாசம் வந்தது.

சீலா மீன் குழம்பு.

பன்னிரண்டு நாட்களாக அவள் எதையும் மென்று விழுங்கவில்லை.

காலை, மதியம், இரவு மூன்று வேளையும் தண்ணீரில் கலக்கிய புரதப் பொடி. இடையில் வடிகட்டிய சூப். மோர். அவ்வளவுதான். பதினான்கு நாள் அப்படி இருந்தால் கல்லீரல் சுருங்கும், அப்போதுதான் இரைப்பையில் கத்தி வைக்க இடம் கிடைக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு வேளை தவறினாலும் தேதியைத் தள்ளிவைத்துவிடுவோம் என்றும் சொன்னார்.

ஐந்தாம் நாள் ஒரு முறுக்கை மென்று, வாஷ்பேசினில் துப்பி, அழுதாள்.

ஆறாம் நாளிலிருந்து ஹோட்டல்கள் இல்லாத தெரு வழியாக அலுவலகம் போனாள்.

அப்பாவுக்கு இது எதுவும் தெரியாது. வயிற்றில் சின்ன ஆபரேஷன் என்று மட்டும் போனில் சொல்லியிருந்தாள். எடை என்ற சொல்லை அவரிடம் சொல்ல அவளால் முடியவில்லை. முப்பது வருஷம் பி.டி. மாஸ்டராக இருந்தவர். ஊரில் பாதிப் பிள்ளைகளை மைதானத்தில் ஓடவிட்டவர். மகள்தான் ஓடவில்லை.

"மூணு மணி நேரம் நின்னுக்கிட்டே வந்தேன். பஸ்ஸுல கூட்டம்" என்றார். தூத்துக்குடியிலிருந்து மதுரைக்கு, ஆபரேஷனுக்கு முன்னால் மகளைப் பார்த்துவிட்டுப் போக.

நேராக அடுக்களைக்குப் போனார். அலமாரியில் தேடி இரண்டு தட்டுகளை எடுத்து மேஜையில் வைத்தார். ஒன்றில் சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றி, நடுத்துண்டமாகப் பார்த்து வைத்தார்.

அம்மா போன பிறகுதான் அவர் சமைக்கக் கற்றுக்கொண்டார். அவர் சமையலை அவள் இதுவரை சாப்பிட்டதில்லை.

"உக்காருட்டி. ஆபரேஷன்னா ஒடம்புல தெம்பு வேணும்லா."

அவள் உட்காரவில்லை. வாயில் எச்சில் ஊறியது. தட்டைப் பார்க்காமலிருக்கச் சுவரைப் பார்த்தாள்.

"வேணாம்ப்பா."

"ஒரு வாய்."

"வேணாங்கறேன்ல."

"நல்லாத்தான் வந்திருக்கு. ஒரே ஒரு வாய், கனி."

பசி பேசியதா, அவள் பேசினாளா என்று இன்றுவரை அவளுக்குத் தெரியவில்லை.

"பதினோரு வயசுல, சித்தி வீட்டு ஆளுங்க அத்தனை பேர் முன்னாலயும் என் தட்டைப் பிடுங்குனீங்க. போதும் எந்திரின்னீங்க. இப்ப எதுக்குப்பா ஊட்ட வாரீங்க?"

அப்பா கையிலிருந்த கரண்டியைப் பார்த்தார்.

மறுக்கவில்லை. மறந்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை.

தட்டிலிருந்த சோற்றைத் திரும்ப அடுக்கில் போட்டார். மீனை உடையாமல் எடுத்து வைத்தார். கேரியரின் கொக்கி மாட்டவில்லை. இரண்டு முறை வழுக்கியது. அவள் உதவிக்குப் போகவில்லை.

"ரெண்டு மணிக்கு ஒரு பஸ் இருக்கு" என்றார்.

செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது. பிறகு கேட் சத்தம்.

அவள் மேஜையைத் துடைக்க வந்தாள்.

ஒரு தட்டில் குழம்புக் கறை. இன்னொன்று சுத்தமாக இருந்தது.

இரண்டு தட்டு எடுத்தாரே.

காலையில் புறப்பட்டவர். வழியில் எதுவும் சாப்பிட்டிருக்க மாட்டார்.

நான் சாப்பிடக் கூடாதுப்பா, நீங்க சாப்பிடுங்க, நான் பக்கத்துல இருக்கேன் என்று சொல்லியிருக்கலாம். ஒரே வரி. அந்த வரி ஏன் வரவில்லை?

போன் செய்தாள். மணி அடித்து அடித்து நின்றது.

ஆட்டோ பிடித்து மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். இறங்கி நடந்த தூரம் கொஞ்சம்தான். அதற்குள் மூச்சு முட்டியது. தூத்துக்குடி பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. மூன்றாவது ஜன்னலில் அப்பா. மடியில் கேரியர்.

"சாப்பிட்டீங்களா?" என்று கீழே நின்று கேட்டாள்.

அவளைப் பார்த்ததும் அவர் எழப்போனார். பிறகு உட்கார்ந்துகொண்டார்.

"கொய்யாப்பழம் விக்கிற அம்மாட்ட குடுத்துட்டேன். கெட்டுப் போவும்லா."

"நீங்க?"

"உங்கூடச் சாப்பிடலாம்னுதான கொண்டாந்தேன்."

கண்டக்டர் விசில் அடித்தார்.

பஸ் நகர்ந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி அவளும் நடந்தாள். பன்னிரண்டு நாளும் சொல்லாதது அப்போதுதான் வெளியே வந்தது.

"எடை குறைக்கத்தான்ப்பா ஆபரேஷன். அதுக்காகப் பதினாலு நாள் எதையும் மெல்லக் கூடாதுன்னுட்டாங்க. அதான் வேணாம்னேன். முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சு ரெண்டு ஸ்பூன் சாப்பிடலாமாம். மசிச்சு."

அவர் காதருகே கையைக் குவித்துக் கேட்டார்.

"ரெண்டு ஸ்பூனா?"

"ஆமாப்பா. இனிமே அவ்வளவுதான்."

பஸ் வேகம் எடுத்தது. அவளால் அதற்கு மேல் நடக்க முடியவில்லை. கையை விட்டுவிட்டாள்.

அப்பா தலையை வெளியே நீட்டினார்.

"முள்ளெடுத்து மசிச்சுக் கொண்டாரட்டா?"

அவள் தலையாட்டினாள். பஸ் திரும்பி மறைந்த பிறகும், அவர் பார்த்திருப்பாரா என்று தெரியாமல், ஆட்டிக்கொண்டே நின்றாள்.