எந்த நாட்டு எல்லை?

"அமெரிக்காவுக்குப் போக நம்மகிட்ட ஜீப் இல்ல, அம்மா" என்றார் பொலிஸ் சார்ஜன். சொல்லிவிட்டுச் சிரிப்பு வேறு.

இந்திராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இங்கே மகளின் மானம் போகிறது, இந்த மனுஷனுக்கு நக்கல்!

கடைத்தெருவில் இன்டர்நெட் இருந்த ஒரே இடம் நிரோஷனின் ஸ்டூடியோ. பொலிஸில் அந்த வசதி இல்லையென்று சொன்ன சார்ஜனைப் பிடிவாதமாக இங்கே இழுத்து வந்திருந்தாள். தோட்டத்திலிருந்து வேலை முடிந்த கையோடு படம் எடுக்க வருகிறவர்கள் இரவல் உடுத்திக்கொள்ள, சுவர் ஆணியில் ஒரு கறுப்புக் கோட், டை, மஞ்சள் சேலை எல்லாம் தொங்கின.

கம்ப்யூட்டரில், ஒரு அசிங்கமான வெப்சைட்டில், மகள் துஷாந்தினி சிரித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை வீட்டுக்குக் காட்ட எடுத்த படம். கீழே அவள் பெயரும், வாயால் சொல்லக் கூசுகிற நாலு வரியும்.

"நான் எடுத்த படந்தான் அக்கா. தரகர் எத்தனை வீட்டுக்குக் கொண்டு போனாரோ, எந்த நாய் வெளிநாட்டுக்கு அனுப்பிச்சோ! கையில கெடைச்சான்னா வெட்டிப் போட்டுருவேன்!" நிரோஷன் மேசையில் குத்தினான்.

"வெப்சைட் அமெரிக்காவுல. போட்டவன் எந்த நாட்டுலயோ" என்றார் சார்ஜன். "நம்ம எல்லை பாலத்தோட சரி. அந்தப் பக்கம் மாடு காணாமப் போனாலே வேற பொலிஸ். மொனவா கரண்டத, என்ன செய்யிறது, அம்மா? பொலிஸ் புத்தகத்துல என்ட்ரி போட ஏலாது."

"என்ட்ரி இல்லாட்டி பலாங்கொடை மாப்பிள்ளை வீட்டுக்காரங்க நம்ப மாட்டாங்களாம்யா! புள்ளையே போட்டுக்கிச்சுன்னு கல்யாணத்த நிப்பாட்டுறாங்க. அவ லயத்து வீட்ட விட்டு வெளிய வரல, சோறு திங்கல. அயோக்கியத்தனம் பண்ணுனவனுக்கு எல்லை இல்ல, எங்களுக்கு மட்டும் எல்லையா?"

சார்ஜன் மவுஸை வாங்கிப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். இன்னொரு பெண். அதற்குப் பிறகு இன்னொருத்தி. இந்திராணிக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை.

"போதும் சேர், அசிங்கம். இதப் போய்ப் பார்த்துக்கிட்டு!" நிரோஷன் அவசரமாகக் கையை நீட்டினான். இந்திராணி அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"தள்ளுங்கய்யா. இன்னும் தள்ளுங்க."

அவள் முகங்களைப் பார்க்கவில்லை. முகங்களுக்குக் கீழே பார்த்தாள்.

எழுந்து போய், ஆணியில் தொங்கிய மஞ்சள் சேலையை வெடுக்கென்று இழுத்தாள். கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் அதை விரித்துப் பிடித்தாள். முந்தானையில் அயர்ன் சுட்ட கறுப்புத் தழும்பு இருந்தது.

திரையில் துஷாந்தினியின் தோளிலும் அதே மஞ்சள், அதே தழும்பு. அவளுக்கு அடுத்தவளின் தோளிலும் அதுதான். அதற்கு அடுத்தவளுக்கும்.

"இத்தனை புள்ளைங்க படத்தையும் ஒரே தரகரா கொண்டு போனாரு?" என்று கேட்டாள். மேசையில் குத்திய நிரோஷனின் கை இப்போது கம்ப்யூட்டரை அணைக்கத் தடவிக்கொண்டிருந்தது. சார்ஜன் அந்தக் கையை இறுக்கிப் பிடித்தார்.

இந்திராணி சேலையை அவர் முன்னால் வீசினாள்.

"இந்த ஆணி எந்த நாட்டு எல்லையில இருக்குங்க, ஐயா?"