மங்கோலியா போன ஜீப்

துரைப்பாண்டியன் பழைய வண்டிச் சந்தையில் அந்த ஃபோர்வீல் ஜீப்பின் ஹார்னை மட்டும் அடித்துப் பார்த்து, "தங்கமான வண்டி" என்று வாங்கிவிட்டார். மங்கோலியா வரை அதில்தான் பயணமாம். அதைக் கேட்டதிலிருந்து ஜீப்புக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு மாதம் ஷெட்டில் அலங்காரம் நடந்தது. முன்னால் ஆறு விளக்கு, கூரைமேல் கூடாரம், சேற்றில் சிக்கினால் இழுக்க இரும்புக் கயிறு. கல்யாணப் பெண் கெட்டாள் போங்கள்.

"ஏம்பா, எனக்கு உடம்பெல்லாம் வெடிப்பு," என்று முனகியது பின்பக்கத்து டயர். "நம்ம முதலாளி கண்ணுல படுற மாதிரி இந்தப் பக்கமா கொஞ்சம் சாஞ்சு நில்லேன்."

"சாஞ்சு நின்னா போட்டோவுல அசிங்கமா இருக்கும்," என்றது ஜீப். "அதான் மேல கறுப்பு பாலிஷ் போட்டாச்சே. வெளிநாடு போற நேரத்துல ஒப்பாரி வைக்காதே."

புறப்படும் நாளில் மாலை, சந்தனம், கற்பூரம் எல்லாம் ஆயிற்று. நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். தெருவே வேடிக்கை பார்க்க, ஜீப் உறுமிக்கொண்டு நகர்ந்தது. மூன்று பழம் நசுங்கியது. நாலாவது பழத்தின்மேல் அந்த வெடிப்பு விட்ட டயர் ஏறியதுதான் தாமதம், டமார் என்று ஒரு சத்தம். ஜீப் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தது.

வெடித்தது டயர். பழம் முழுசாக உருண்டு வெளியே வந்து, ஜீப்பை மேலும் கீழும் பார்த்தது.

"அண்ணே," என்றது, "மங்கோலியா வந்தாச்சா?"